சந்தாவா, நன்கொடையா, துறைமுகமா: இரசாயன ஆயுதத் தடுப்புக்கு நமது அரசு எந்த வழியில் கொடுப்பது?

இரசாயன ஆயுதங்கள் மீண்டும் தலையெடுக்காமல் தடுக்கும் சர்வதேச முயற்சிக்கு, கடனில் மூழ்கி மெல்ல எழுந்துகொண்டிருக்கும் இலங்கை போன்றதொரு நாடு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய திகதியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இரசாயன ஆயுதங்கள் சமவாயம் 1993 ஜனவரியில் பாரிஸில் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டபோதே இலங்கை அதில் ஒப்பமிட்டது. 1994 ஓகஸ்டில் ஏற்புறுதியும் செய்தது. 1997 ஏப்ரல் 29 அன்று சமவாயம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அதனைச் செயற்படுத்துவதற்காக நெதர்லாந்தின் ஹேக் நகரில் இயங்கும் இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் செலவில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே கொடுப்பதா, விடுவதா என்பது முடிந்துபோன கேள்வி. எந்த வழியில் கொடுப்பது, கையில் கொஞ்சம் மேலதிகமாக இருந்தால் அதை எங்கே சேர்ப்பது என்பதே இன்னும் தீராத கேள்வி.

திருகோணமலையில் நீண்ட காலம் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், உட்துறைமுகத்தில் கப்பல்கள் வந்து போவதைப் பார்த்தே வயது போனவன் என்ற முறையிலும், இது எனக்கு வெளிநாட்டு அமைச்சின் கோப்புக்குள் மட்டும் அடங்கும் விடயமாகத் தோன்றவில்லை. அரசின் முன்னால் உள்ள வழிகளை இப்படிப் பிரிக்கலாம்: ஹேக் அமைப்பின் வழமையான வரவு செலவுத் திட்டத்துக்குரிய சந்தாவைச் செலுத்துவது, குறித்த நெருக்கடி ஒன்றுக்காகத் திறக்கப்படும் நம்பிக்கை நிதியத்துக்கு நன்கொடை தருவது, ஆய்வுகூடம், பயிற்சி போன்ற நீண்டகால ஆற்றலுக்குப் பணம் போடுவது, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேரடியாக உதவுவது, பணத்துக்குப் பதிலாக இடத்தையும் ஆட்களையும் துறைமுகத்தையும் கொடுப்பது. இவற்றில் சில நமக்குப் பொருந்தவே மாட்டா. ஆயினும் பொருந்தாதவற்றையும் பார்த்தால்தான் பொருந்துவதன் பெறுமதி தெரியும்.

முதலில் சந்தா. ஒவ்வொரு உறுப்பு நாடும் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை ஐக்கிய நாடுகள் சபையின் பங்கீட்டு அளவுகோலைத் தழுவியே ஹேக் அமைப்பு தீர்மானிக்கிறது. அந்த அளவுகோலில் தனியொரு நாட்டின் உச்ச வரம்பு 22 வீதம். அந்த இடத்தில் இருப்பது அமெரிக்கா. 2022 முதல் 2024 வரையான அளவுகோலில் இலங்கையின் பங்கு 0.045 வீதம், அதாவது ஒரு வீதத்தின் இருபதில் ஒன்றையும் எட்டாத அளவு. அமைப்பின் ஆண்டுச் செலவு அண்மைக் காலத்தில் 70, 80 மில்லியன் யூரோ என்ற அளவில் இருந்து வந்திருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் அந்த அளவுகோலில் நமது ஆண்டுப் பங்கு சுமார் 35,000 யூரோ. ரூபாயில் ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும். நமது வீதிகளில் ஓடும் சொகுசு ஜீப் ஒன்றை அந்தப் பணத்துக்கு வாங்க முடியாது.

இந்தச் சிறு தொகை எதை வாங்கித் தருகிறது என்று பார்ப்போம். ஏறத்தாழ 500 பேர் பணிபுரியும் ஒரு செயலகம், அதில் பரிசோதகர்கள், கொவிட் கொள்ளைநோய்க்கு முந்திய ஆண்டுகளில் வருடத்துக்கு 241 என்ற கணக்கில் உலகின் இரசாயனத் தொழிற்சாலைகளில் நடந்த பரிசோதனைகள். செய்தியாகும் தன்மை இவற்றில் எதற்கும் இல்லை. பரிசோதகர் வருவார், குழாய்களைப் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார், அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் தடுப்பு என்ற வேலையின் பெரும்பகுதி இதுதான். உறுப்பு நாடுகள் அறிவித்திருந்த இரசாயன ஆயுதக் கையிருப்பு மொத்தம் 72,304 தொன். அதன் கடைசிப் பகுதி, சரின் என்ற நரம்பு நஞ்சு நிரப்பிய ஏவுகணை ஒன்று, 2023 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அழிக்கப்பட்டது. கையிருப்பு தீர்ந்தது, இனி அமைப்பு எதற்கு என்று நிதி அமைச்சுகள் கேட்கத் தொடங்கும் கட்டம் இதுவே. கையிருப்பு இருந்த காலத்தில் எதை எண்ண வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இப்போது எண்ண வேண்டியது, யாராவது மறுபடியும் செய்யத் தொடங்கியிருக்கிறார்களா என்பதை. அதற்கு நன்கொடையாளரின் மனநிலையை நம்பியிராத, மாதச் சம்பளம் வாங்கும் பரிசோதகர்கள் வேண்டும்.

செலவு ஒப்பீடு ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். தனது சொந்தக் கையிருப்பை அழிப்பதற்கு மட்டும் அமெரிக்கா செலவிட்டது ஏறத்தாழ 40 பில்லியன் டொலர். ஹேக் அமைப்பை இப்போதைய செலவில் ஐந்நூறு ஆண்டுகள் அளவில் நடத்தக்கூடிய பணம் அது. செய்து குவித்ததை அழிப்பதற்கும், செய்யவிடாமல் பார்த்துக்கொள்வதற்கும் உள்ள விலை வித்தியாசம் அவ்வளவு.

சந்தாவுக்கு இன்னொரு பலன் உண்டு. நமது பாதீட்டு விவாதங்களில் அதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. சமவாயத்தின் எட்டாம் உறுப்புரையின்படி, ஒரு நாட்டின் நிலுவை முந்திய இரண்டு முழு ஆண்டுகளுக்குரிய சந்தாவுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ ஆகிவிட்டால் அந்த நாட்டுக்கு வாக்குரிமை இல்லை. அந்த வாக்கு அலங்காரத்துக்காக இருப்பதன்று. 2018 நவம்பரில் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டமே வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, 99 ஆதரவு, 27 எதிர்ப்பு என்று நிறைவேறியது. 2021 ஏப்ரலில் சிரியாவின் சில உரிமைகளை இடைநிறுத்தும் தீர்மானம் 87 ஆதரவு, 15 எதிர்ப்பு என்று நிறைவேறியது. இத்தகைய முடிவுகளுக்கு வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும். பெரிய நாடுகள் எதிரெதிராக நிற்கும் மண்டபத்தில் சிறிய நாடுகளின் கைகள் உயர்வதும் உயராமலிருப்பதுமே கணக்கை முடிவு செய்கின்றன. ஜீப் ஒன்றின் விலைக்குக் குறைந்த பணத்தை நிலுவையில் வைத்து அந்தக் கையை இழப்பது, எந்தக் கணக்காளரும் ஏற்காத சிக்கனம்.

சந்தாவின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பொதுப் பானைக்குள் விழும் பணத்துக்கு நாம் திசை சொல்ல முடியாது. ஆண்டுகள் பலவாக வரவு செலவுத் திட்டத்தை உயர்த்தவே கூடாது என்ற பிடிவாதம் உறுப்பு நாடுகளிடையே நிலவியதால், விலைவாசி ஏற ஏற அமைப்பு உண்மையில் மெலிந்துகொண்டே வந்தது. பெரும்பங்கு செலுத்தும் ஒரு நாடு தாமதித்தாலே கையிருப்புப் பணம் தட்டுப்படும். அந்தத் தாமதம் சில வேளை கவனக்குறைவாகவும் சில வேளை அழுத்தமாகவும் இருக்கும். சிறிய நாடுகள் காலத்தோடு செலுத்துவதால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாது என்பதும் உண்மை. ஆனாலும் தான் கட்டியவனுக்குத்தான் கட்டாதவனைக் கேட்கும் வாய் உண்டு.

அடுத்து நம்பிக்கை நிதியங்கள். இவற்றின் சிறப்பையும் பலவீனத்தையும் சிரியாவின் கதை ஒன்றே காட்டிவிடுகிறது. 2013 ஓகஸ்ட் 21 அன்று டமஸ்கஸின் புறநகரான கூத்தாவில் சரின் தாக்குதல் நடந்தது. செப்டெம்பர் 27 அன்று பாதுகாப்புச் சபை 2118ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒக்டோபர் 14 அன்று சிரியா சமவாயத்துக்குள் வந்தது. அதன்பின் நடந்தவை ஹேக் அமைப்பின் வழமையான வரவு செலவுத் திட்டத்தில் எவரும் எழுதி வைத்திராத வேலைகள். போர் நடக்கும் நாட்டின் உள்ளே இருந்து ஏறத்தாழ 1,300 தொன் இரசாயனங்களை லத்தாக்கியா துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கப்பலேற்றி, வெளியே அழிக்க வேண்டியிருந்தது. சமவாயத்தின் பொதுவிதி, ஆயுதத்தை வைத்திருந்தவனே அழிக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது. உள்நாட்டுப் போரில் இருந்த சிரியாவிடம் அந்த விதியைச் சொல்லிக்கொண்டிருந்தால் இரசாயனங்கள் அங்கேயே கிடந்திருக்கும். அந்த வேளையில் பல நாடுகள் நிதியத்துக்குள் பணம் போட்டன. இந்தியாவும் ஒரு மில்லியன் டொலர் கொடுத்தது. 2014 ஜூன் 23 அன்று அறிவிக்கப்பட்ட இரசாயனங்களின் கடைசித் தொகுதி சிரியாவை விட்டு வெளியேறியது. எட்டு மாதங்களில் இத்தனையும் முடிந்தது என்றால் அதற்கு விரைந்து வந்த பணம் ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பணம் விரைந்து வந்ததற்குக் காரணம், வெள்ளைத் துணியில் வரிசையாகக் கிடத்தப்பட்ட பிள்ளைகளின் உடல்களை உலகம் திரையில் பார்த்தது. காட்சியால் வரும் பணம் காட்சி மறைந்ததும் வற்றும். 2017 ஏப்ரலில் சிரியாவின் கான் ஷெய்குனில் மறுபடியும் சரின் பயன்படுத்தப்பட்டது. 2018 ஏப்ரலில் தூமாவில் குளோரின். அறிவிக்கப்பட்டது வெளியேறிவிட்டது என்பதும், இருந்ததெல்லாம் வெளியேறிவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பதை நிரூபிக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் ஆவணங்களோடும் மாதிரிகளோடும் மல்லுக்கட்டும் வேலை. 2024 டிசெம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்த பிறகு நூற்றுக்கு மேற்பட்ட சந்தேகத்துக்குரிய இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அமைப்பே சொல்கிறது. பணம் மிகவும் தேவைப்படும் அந்தக் கட்டத்தில் உலகின் கண் வேறெங்கோ திரும்பியிருக்கிறது. நன்கொடை நிதியங்களில் கொடுப்பவரே பணத்துக்குப் பெயரும் எழுதுகிறார். இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு, இத்தனை மாதத்துக்கு என்று. அதனால் நன்கொடையாளருக்குப் பிடித்த வேலை முந்துகிறது, பிடிக்காதது காத்திருக்கிறது.

இலங்கை இத்தகைய நிதியத்துக்குச் சில ஆயிரம் டொலர் அனுப்பினால் அது கடலில் கரைத்த பெருங்காயம். அடையாள மதிப்பு உண்டு என்று வாதிடுவோரை நான் முற்றாக மறுக்கவில்லை. இந்த முயற்சி மேற்கு நாடுகளின் சொந்த வேலை என்ற பேச்சுக்கு ஆசிய நாடொன்றின் சிறு காசோலை ஒரு பதில்தான். ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திய நாட்டின் காசோலை, கொடுத்தவரின் நிலையைப் பற்றியே அதிகம் பேச வைக்கும்.

நாட்டுக்கு நாடு நேரடியாக உதவும் வழியைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ரஷ்யாவின் ஷூச்சியே நகரில் அழிப்பு ஆலை கட்ட அமெரிக்கா ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்தது. தோலைக் கொப்புளிக்கச் செய்யும் நஞ்சான கடுகு வாயு 16 தொன்னைத் தன் மலைப்பகுதிப் பதுங்குகுழியில் கண்டெடுத்த அல்பேனியாவுக்கும் அமெரிக்காவே பணம் கொடுத்து, 2007இல் முழுக் கையிருப்பையும் அழித்த முதல் நாடாக அதை ஆக்கியது. இந்த வழியில் கணக்கு தெளிவாக இருக்கும், விளைவு கண்ணால் தெரியும். கொடுப்பவர் கோபித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும் என்பதும் உண்டு. ஷூச்சியேக்கான நிதியை அமெரிக்கக் காங்கிரஸ் சில காலம் நிறுத்தி வைத்ததை மறக்க முடியாது. எப்படியிருந்தாலும் இது பணக்கார நாடுகளின் கருவி. நமது இடம் வாங்கும் பக்கத்திலேயே இருக்க முடியும்.

ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பது சற்று வேறு. ஹேக்குக்கு அருகே 2023 மே மாதம் திறக்கப்பட்ட இரசாயன, தொழில்நுட்ப நிலையம் ஏறத்தாழ 34 மில்லியன் யூரோ செலவில், ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கொடுத்த விருப்ப நன்கொடைகளால் எழுந்தது. ஒரு மாதிரியில் சரின் இருந்ததா என்று உலகத்தின் முன் சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஐயத்துக்கு இடமில்லாத பரிசோதனை வேண்டும். அதனால் மாதிரிகளைப் பிரித்து வெவ்வேறு நாடுகளின் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுதோறும் நடத்தப்படும் தேர்ச்சிச் சோதனையில் வெல்லும் ஆய்வுகூடங்களே அந்தப் பட்டியலில் நிலைக்கும். இந்தியாவின் குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆய்வுகூடம் அத்தகையது. நம்மிடம் இல்லை, அண்மையில் வரப்போவதுமில்லை. கட்டடம் எழும்பிவிட்ட நிலையில் அதற்கு இனித் தேவைப்படுவது நடத்தும் செலவு. அது சுற்றிச் சுழன்று மறுபடியும் சந்தாவில்தான் வந்து நிற்கிறது.

இப்போது எனக்கு நெருக்கமான வழிக்கு வருகிறேன். சமவாயத்தின் பத்தாம் உறுப்புரை, இரசாயன ஆயுதத் தாக்குதலுக்கோ அதன் அச்சுறுத்தலுக்கோ உள்ளான உறுப்பு நாட்டுக்கு மற்ற நாடுகள் உதவ வேண்டும் என்கிறது. அந்த உதவிக்கு முன்கூட்டியே தயாராவதற்கு மூன்று முறைகளைச் சொல்லி, ஒன்றையோ பலவற்றையோ தேர்ந்துகொள்ளும்படி ஒவ்வொரு நாட்டையும் பணிக்கிறது. விருப்ப நிதியத்துக்குப் பணம் கொடுக்கலாம். தேவைப்படும்போது உதவியை வழங்குவதாக அமைப்புடன் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். அல்லது தன்னால் எவ்வகை உதவியைத் தர முடியும் என்று அறிவிக்கலாம். மூன்றாவது முறையில் காசு என்ற சொல்லே இல்லை. எழுதியவர்கள் வறிய நாடுகளையும் மனதில் வைத்தே எழுதியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

சிரிய நடவடிக்கையில் பணமல்லாத உதவிகள் எவ்வளவு தூரம் சென்றன என்று பாருங்கள். டென்மார்க்கும் நோர்வேயும் சரக்குக் கப்பல்களைக் கொடுத்தன. ரஷ்யா கவச வாகனங்களையும் சீனா அம்புலன்ஸ்களையும் கண்காணிப்புக் கருவிகளையும் கொடுத்தன. அமெரிக்கா ‘கேப் ரே’ என்ற கப்பலுக்குள் இரண்டு நீராற்பகுப்பு இயந்திரங்களைப் பொருத்தி, மத்தியதரைக் கடலில் வைத்தே சரின் செய்வதற்கான முன்னோடிப் பொருளையும் கடுகு வாயுவையும் சேர்த்து ஏறத்தாழ 600 தொன்னைச் செயலிழக்கச் செய்தது. டென்மார்க் கப்பலில் இருந்து அந்தக் கப்பலுக்கு 78 கொள்கலன்களை மாற்றுவதற்கு ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. அதை இத்தாலி கொடுத்தது: தெற்கே கலாப்ரியா மாகாணத்தின் ஜோயா டாவ்ரோ. 2014 ஜூலை 2 அன்று அங்கே அந்த மாற்றம் நடந்தது. ஒரு நாள் வேலைக்குத் துறைமுகம் ஒன்றை ஒதுக்கியது, எத்தனையோ காசோலைகளைவிட அந்த நேரத்தில் பெறுமதி மிக்கதாயிருந்தது.

துறைமுகத்தைக் கொடுத்தவர் ரோமில் இருந்த அரசு. ஜோயா டாவ்ரோ பகுதி நகரசபைத் தலைவர்கள் தங்களைக் கேளாமல் முடிவெடுத்ததாகச் சொல்லி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கு முன்னர், 2013 நவம்பரில், இரசாயனங்களைத் தன் மண்ணில் வைத்து அழிக்குமாறு அமெரிக்கா கேட்டபோது அல்பேனியாவின் தலைநகரில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பிரதமர் எடி ராமா மறுத்துவிட்டார். தன் சொந்தக் கையிருப்பைப் பிறர் பணத்தில் அழித்து நற்பெயர் வாங்கிய அதே நாடு, பிறர் நஞ்சைத் தன் வீட்டுக்குள் எடுக்க மாட்டேன் என்றது. இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு முடிவிலும் அதே மக்கள்தான் தங்கள் மண்ணுக்காகப் பேசினார்கள்.

இதைத் திருகோணமலையில் இருந்து வாசிக்கும் ஒருவருக்கு அடுத்து என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. ஆழத்துக்கும் அடைக்கலத்துக்கும் பெயர்பெற்ற இயற்கைத் துறைமுகம். சீனக்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி எழுப்பிய 99 எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட நினைவு. இந்தத் துறைமுகம் எப்போதும் யாரோ ஒருவருடைய திட்டத்தில் இருந்து வந்திருக்கிறது. ஊரவரைக் கேட்டுத் திட்டம் போட்டவர்கள் குறைவு. 2022 ஜனவரியில் தாங்கிகளைப் பங்கிட்டு உடன்படிக்கை எழுதியபோதும், 14 இவருக்கு, 24 அவருக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு என்ற எண்களைப் பத்திரிகையில் பார்த்தே நாங்கள் அறிந்தோம். ஆகவே நஞ்சை ஏற்றி இறக்கும் இடமாகத் திருகோணமலையைக் கொடுக்க வேண்டும் என்று எவரேனும் முன்மொழிந்தால் நான் அதை எதிர்ப்பேன். கொடுக்கத்தக்க வேறொன்று இங்கே இருக்கிறது.

அது பயிற்சிக்களம். ஹேக் அமைப்பு ஆசிய நாடுகளின் தீயணைப்பாளர், சுங்க அதிகாரிகள், மருத்துவர், ஆய்வுகூட உத்தியோகத்தர் ஆகியோருக்குப் பயிற்சிநெறிகளை நடத்துகிறது. இடம் கொடுக்கும் நாடு மண்டபத்தையும் உள்ளூர் ஏற்பாட்டையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிறது. நிபுணர்களையும் செலவின் பெரும்பகுதியையும் அமைப்பு கொண்டுவருகிறது. துறைமுகமும் கடற்படைத் தளமும் மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலையும் கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகமும் அரை மணி நேரப் பயணத்துக்குள் அமைந்திருக்கும் ஊர் இந்த நாட்டில் வேறு அதிகம் இல்லை. இந்த வழியில் நமது பணம் வெளியே போகாது. வெளியிலிருந்து அறிவு உள்ளே வரும். அதே வேளை பத்தாம் உறுப்புரையின் மூன்றாம் முறைப்படி நாம் உலகத்துக்குக் கொடுத்ததாகவும் ஆகும்.

இந்த அறிவு நமக்குத் தேவையா என்று கேட்டால், தேவை என்பதற்கு இரகசியக் களஞ்சியங்களைத் தேட வேண்டியதில்லை. கந்தளாய்க் குளத்து நீரைக் குடிநீராக்குவதற்குக் குளோரின் வேண்டும். மீன் கெடாமலிருக்க ஐஸ் வேண்டும். பழைய ஐஸ் ஆலைகளில் குளிரூட்டுவது அமோனியா. சிமெந்து அரைக்கும்போது துணைப்பொருளாகச் சேர்க்கப்படும் ட்ரைஎதனோலமீன், சமவாயம் கண்காணிக்கும் இரசாயனங்களின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது; நைதரசன் கடுகு வாயுவுக்கு அது முன்னோடி. குளோரின் எந்த அட்டவணையிலும் இல்லை. ஆயினும் எந்த இரசாயனமானாலும் நஞ்சூட்டும் நோக்கத்தோடு பயன்படுத்தினால் அது ஆயுதமே என்று சமவாயம் வரையறுத்திருப்பதால், சிரியாவில் குளோரின் வீசப்பட்டபோது அது சட்டத்துக்குள் அகப்பட்டது. எனது வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. கிணற்றில் போடும் மருந்தின் மணம் அவர்களுக்குச் சிறு வயதிலேயே பழக்கம்.

நமது பிரதேசமே இதற்குச் சாட்சி. 1990 ஜூனில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், அருகிலிருந்த காகித ஆலையில் இருந்து கொண்டுவந்த குளோரினைப் பயன்படுத்தியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காற்று திரும்பியதால் வாயு தாக்கியவர்கள் பக்கமும் வந்தது என்பது அந்தப் பதிவின் ஒரு பகுதி. போரின் இறுதிக் காலத்தில் அரச படைகள் தடைசெய்யப்பட்ட பொருட்களைப் பயன்படுத்தின என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. அரசு அவற்றை மறுத்தது. இரண்டிலும் ஹேக்கில் இருந்து ஒரு பரிசோதகரும் வந்து மண்ணை எடுத்துப் பார்க்கவில்லை. முதலாவது நடந்தபோது சமவாயமே இருக்கவில்லை. பிந்திய காலத்தில் இருந்தது. ஆனால் ஒரு நாட்டின் மீது சந்தேகப் பரிசோதனை கோரும் உரிமை இன்னொரு உறுப்பு நாட்டுக்கே உண்டு, பொதுமகனுக்கு இல்லை. அந்த உரிமையை இன்றுவரை எந்த நாடும் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. இதைச் சொல்வதால் சிலருக்குக் கசக்கும் என்று தெரியும். ஆயினும் அமைப்பு யாருடைய பணத்தில், யாருக்கு அஞ்சாமல் இயங்குகிறது என்ற கேள்வி கிழக்கு மாகாணத்துக்குப் புறம்பானதன்று.

பயிற்சியின் பெறுமதிக்கு டோக்கியோவைப் பார்க்கலாம். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்கியோ குழு சுரங்க ரயிலில் சரினை விட்டபோது, புனித லூக்கா வைத்தியசாலை ஒன்றுக்கு மட்டும் அன்றைக்கு 640 பேர் வந்தார்கள். வந்தவர்களின் உடைகளில் இருந்த நஞ்சினால் அவர்களைக் கவனித்த பணியாளர்களும் பாதிக்கப்பட்டார்கள். உடையைக் களைந்து கழுவிய பின்னரே உள்ளே எடுக்க வேண்டும் என்ற எளிய ஒழுங்கு பலரைக் காத்திருக்கும். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். முன்பே ஒருமுறை செய்து பார்த்த கைகள் வேண்டும். நமது நாட்டில் 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல், 25 தொன் நைத்திரிக் அமிலமும் உட்பட 1,486 கொள்கலன்களோடு கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது, அது ஆயுதமல்ல, விபத்து. ஆனால் கரையில் நின்றவர்களுக்கு வேண்டியிருந்த அறிவு ஒன்றேதான்: என்ன எரிகிறது, எந்தக் காற்றில், யார் விலக வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்வதானால், குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது கரையிலிருந்து கடலுக்கு அடித்துச் செல்லப்படும் வாயு, வடகீழ்க் காற்றான வாடைக் காலத்தில் ஊருக்குள் திரும்பும். வெளிநாட்டு நிபுணரின் பாடக்குறிப்பில் இது இருக்காது. கிண்ணியாவிலோ மூதூரிலோ படகு விடும் எவரைக் கேட்டாலும் நாளும் நேரமும் சேர்த்துச் சொல்வார். பயிற்சிக்கு இடம் கொடுப்பவருக்கும் சொல்லிக் கொடுக்க ஏதாவது இருக்கிறது என்பதற்கு இது போதும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. பயிற்சி என்பது சான்றிதழும் குழுப்படமும் பகலுணவுமாக முடிந்துவிடும் ஆபத்தை அரச உத்தியோகம் பார்த்த எவரும் அறிவர். பயிற்சி பெற்ற உத்தியோகத்தருக்கு அடுத்த ஆண்டே அநுராதபுரத்துக்கு இடமாற்றம் வரும். சட்டமும் மெதுவாகவே நடக்கும்: 1994இல் ஏற்புறுதி செய்த நாம், உள்நாட்டுச் சட்டத்தை 2007ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்தோம். சமவாயத்தை நாட்டில் செயற்படுத்தும், கொழும்பில் இருக்கும் தேசிய அதிகாரசபை திருகோணமலைத் துறைமுகத்தை நினைப்பதற்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆகும் என்ற ஐயம் எனக்கும் உண்டு.

இவ்வளவையும் தராசில் வைத்துப் பார்த்தால், எனது வரிசை இது. சந்தா முதலில், ஆண்டின் தொடக்கத்திலேயே, முழுமையாக; அதைக் குறைத்து வேறெதற்கும் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு ரூபாய் மிஞ்சினால் அது திருகோணமலையில் நிலையான பயிற்சிக்களம் ஒன்றுக்கும், அதனைப் பத்தாம் உறுப்புரையின் கீழ் நமது உதவியாக அறிவிப்பதற்கும் போக வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு, அயலில் ஒரு நாடு தாக்கப்பட்டு உதவி கோரும் வேளையில் மட்டும் கொடுக்கலாம். அப்போதும் காசைவிட ஆட்களை அனுப்புவது மேல். பெரிய நாடுகள் தங்கள் பங்கைச் செலுத்தாமல் இழுத்தடித்து அமைப்பே சம்பளம் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தால் மாத்திரம் இந்த வரிசையை மாற்றி, மிஞ்சிய ரூபாயையும் ஹேக்குக்கே அனுப்பச் சம்மதிப்பேன்.

பயிற்சிக்களம் அமைவதானால் அதற்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுண்டு. நஞ்சு எதுவும், மாதிரியளவில்கூட, கப்பலில் வந்து இங்கே இறங்கக் கூடாது. நஞ்சற்ற போலிப் பொருட்களோடு மட்டுமே பயிற்சி நடக்க வேண்டும். அந்த உறுதி எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், உப்புவெளி முதல் மூதூர் வரையுள்ள மீனவர் சங்கங்களின் கைக்கு முதற் பயிற்சிக்கு ஒரு மாதம் முன்னதாகவே வந்து சேர வேண்டும்.